கண்டதும் கருதியதும்: கடற்கரை மணலில் ஓர் ஓவியர் குடியிருப்பு

மலம்புழா அணைக்கட்டுக்குச் சென்று வராத குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. பாலக்காட்டில் வாழ்வோர் விருந்தினர் வந்தால் அங்கேதான் அழைத்துச் செல்வர். மூணாறு, பீர்மேடு, வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கல்யாணம், கோயில் என்று இறங்கி வருவோரும் ஒரு பிற்பகலை அங்கே கழித்துவிட்டே மலையேறுவர். பூங்காவில் கால்களை அகல நீட்டி அமர்ந்திருக்கும் யட்சியின் சிலையை இவர்கள் எல்லோரும் பார்த்திருப்பர். அதன் உயரம் 30 அடி. சிலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். சிலர் குழந்தைகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு விரைந்து நடப்பர். ‘இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்டவர்கள் மட்டும் மிகச் சிலராகவே இருப்பர்.

செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். ஆண்டு 1969. அவர் காசர்கோட்டுப் பக்கத்தவர். சிற்பம் பயின்ற இடமோ சென்னை. மலம்புழா அணையும் 1955-இல் சென்னை ராஜ்யத்து அரசினர் கட்டி முடித்ததே. அப்போது மலபார் ஜில்லா அந்த ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்று எல்லைக் கோடு மாறிற்று. பாலக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம்மவர் பலர் வீடு மாறாமலே வேறு ராஜ்யத்தவர் ஆயினர். கோட்டுக்கு அப்பாலும் ஒரு கூட்டத்தார்க்கு இவ்வாறே நேர்ந்தது. ஓவியம் பயிலச் சென்னைக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்ட மலையாள இளைஞர்கள் அவர்கள். அவர்களும், தமிழ், தெலுங்கு, கன்னட நாடுகளைச் சேர்ந்த அவர்களுடைய தோழர்களும் ஒன்றுகூடிக் கடற்கரை மணலில் ஒரு குடியிருப்பை உண்டாக்கினர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்பது அதன் பெயர். அதனைப் பற்றியும், அங்குள்ள காட்சிக்கூடத்தின் பின்னே நின்ற கைகளைப் பற்றியும் இத்திங்கள் எழுதக் கருதுகிறேன்.

கதை தொடங்கும் இடம் சென்னைக் கலைப் பள்ளி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மட்பாண்டம், உலோக வேலை, மர வேலை முதலிய கைத்தொழில்களைச் செம்மையாகக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவராக வந்தார். மெரினா கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளரின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். ‘உழைப்பாளர் சிலை’ என்று சொல்லுவோமே, அது அவர் வடித்தது. அவர் காலத்தில் அப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் தலையெடுத்தன. 1957-இல் அவர் ஓய்வு பெறவே, அவருடைய மாணவரும் உடனாசிரியருமான கே. சி. எஸ். பணிக்கர் அந்த இடத்திற்கு வந்தார். நம் கதையின் தலைவர் இவரே.

பணிக்கர் பிறந்தது 1911-இல், கோயம்புத்தூரில். குடும்பத்தின் ஊர் பொன்னானிக்கு அடுத்த வெளியங்கோடு. வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கம் வளர்ந்து, மறுபடியும் அந்தப் பக்கம் வாழச் சென்றவர் என்று நம்மவர் பாஷையில் சொல்லலாம். சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தையார் காலமானார். குடும்ப பாரம் தலைமேல் விழுந்தது. படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். ஓவியம் வரைவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம் பெற்றிருந்தன. மலபாரின் வாய்க்கால்களும் தென்னந்தோப்புகளும் நீர்வண்ணத்தில் அவர் கையில் ஒளி பெற்றன. ஆண்டுகள் சில கடந்த பின், 1936-இல், கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1941-இல் அங்கேயே ஆசிரியரானார்.

தந்தி ஆபீஸில் கட்டுக்கட்டாகக் காகிதம் புரட்டியவர் பின்னர் ஒரு தலைமுறை ஓவியர்க்கு ஆசானாகத் திகழ்ந்தார் என்னும் செய்தி, நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சற்று இனிக்கத்தான் செய்கிறது. எனினும் அந்த இனிப்பை அளவோடு சுவைக்கவேண்டும். அவர் உத்தியோகத்தை ஏற்றது கடமைக்காக. கடமையின் நெருக்கடி தளர்ந்தபோது ஓவியத்திற்குத் திரும்பும் துணிவும் அவரிடம் இருந்தது. முன்னது நம்மில் பலரிடம் உண்டு. பின்னது மிக அருமை.

1944-இல் பணிக்கர் ‘முற்போக்கு ஓவியர் சங்கம்’ என்ற ஒன்றைச் சென்னையில் நிறுவினார். 1961 முதல் அச்சங்கத்தின் சார்பில் ‘ஆர்ட்டிரெண்ட்ஸ்’ என்ற சிறு பத்திரிகையும் வெளிவந்தது. கையில் பணமில்லாத சிலர் கூடி, தம் காரியத்தைப் பற்றித் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே தபாலில் சேர்த்த ஏடு. நம் மாத இதழை ஒவ்வொரு திங்களும் அஞ்சலில் சேர்க்கும் அன்பர்களுக்கு அந்தப் பாடு புரியும்.

அக்காலத்தில் பணிக்கரின் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்விகள் இரண்டு. ஒன்று கலையைப் பற்றியது. 1954-இல் அவர் ஐரோப்பா சென்று தம் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பினார். மேனாட்டார் முறையில் தேர்ந்தாயிற்று; இனி நம் நாட்டு மண்ணின் குணம் படத்தில் எவ்வாறு விளங்கும்? இதற்கு அவர் கண்ட விடை 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசைப் படங்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கும் ஜாதகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள், எண்கள், கோள்களின் குறிகள், நெருக்கமாக எழுதிய வரிகள். அப்படித்தான் அப்படங்கள் தோன்றும். மலையாள எழுத்தைப் போன்ற எழுத்துகள் வரிவரியாக ஓடும்; கிட்டப் போய்ப் படித்தால் பொருள் தராது. எழுத்தின் அழகு மட்டும் எஞ்சி நிற்கும்.

இரண்டாவது கேள்வி சோற்றைப் பற்றியது. ஆண்டுதோறும் கலைப் பள்ளியிலிருந்து திறமை வாய்ந்த இளைஞர்கள் வெளியே வருகின்றனர். படம் வாங்குவோர் சென்னையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். படித்து முடித்தவன் விளம்பரப் பலகை எழுதுவான். பள்ளியில் டிராயிங் மாஸ்டராவான். அல்லது தூரிகையை மூலையில் போட்டுவிட்டு வேறு வேலை தேடுவான். ‘ஓவியம் சோறு போடுமா?’ என்று நம் வீட்டில் தகப்பனார் கேட்கும் கேள்வியைக் கலைப் பள்ளியின் தலைவரும் தமக்குள் கேட்டுக்கொண்டார். ‘ஓவியம் போடாது, கை போடும்’ என்பது போன்ற ஒரு விடையை அவரும் மாணவர்களும் சேர்ந்து கண்டுபிடித்தனர்.

கைத்தொழில்தான் அந்த விடை. ஓவியம் வரையும் கையே துணியிலும் செம்பிலும் தோலிலும் அழகிய பொருள்களைச் செய்யட்டும். அவை எளிதில் விற்கும். பகலில் ஒரு பொழுது அந்த வேலை. மற்றப் பொழுதில், எவருடைய தயவையும் எதிர்பாராமல், தன் மனம் விரும்பும் ஓவியம். இதற்காக ஓவியர்கள் கூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை 1960-களின் முற்பகுதியில் அமைத்தனர். அவர்கள் செய்தவற்றுள் மிகுதியாக விற்றது ‘பாட்டிக்’ எனப்படும் மெழுகுச் சாயத் துணி.

அதன் செய்முறையை நம் தாய்மார்கள் அறிய விரும்புவர். சாவகத் தீவில் பேர்பெற்ற முறை அது. வெள்ளைத் துணியின்மேல் உருகிய மெழுகினால் கோலம் இழைப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர்நிறத்தில் தோய்த்து உலர்த்துவர். அந்த நிறம் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே மறுபடியும் மெழுகிடுவர். பிறகு அதைவிட அடர்ந்த நிறத்தில் தோய்ப்பர். இவ்வாறு மூன்று நான்கு முறை. மெழுகு விண்டுபோன இடங்களில் சாயம் புகுந்து இலை நரம்பு போல ஓடும். அந்தக் கீற்றே அத்துணிக்குத் தனி அழகு. இறுதியில் வெந்நீரில் இட்டு மெழுகை உருக்கி எடுத்துவிட்டால் சித்திரம் முழுதும் வெளிப்படும். கோலமிடத் தெரிந்த கைக்கு இது அந்நியமான வித்தை அன்று. ஆனால் நிறங்களின் வரிசையை முன்கூட்டியே மனத்தில் கண்டு வைத்திருக்கவேண்டும்; ஒரு முறை ஏறிய சாயத்தை எளிதில் இறக்க முடியாது.

இத்துணிகளும் பிற கைப்பொருள்களும் கண்காட்சிகளில் நன்கு விலைபோயின. சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1966-இல், அடையாற்றுக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். வாங்கிய கூட்டம் முப்பது நாற்பது பேர். அரசாங்கம் தானமாக அளித்த நிலம் அன்று. செல்வர் எவரும் எழுதி வைத்ததும் அன்று. அந்நாளில் அவ்விடம் வெறும் மணற்காடு. மின்விளக்கும் குழாய்நீரும் எட்டிப் பாராத இடம். பட்டணத்தில் உள்ளவர்கள், ‘இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?’ என்று கேட்டிருந்தால் வியப்பில்லை. அங்கே கொட்டகை கட்டினர், பட்டறை கட்டினர், சிறிது சிறிதாக வீடுகளும் எழுந்தன. பண்டைச் சோழரின் கடற்கரையை நினைந்து சோழமண்டலம் என்று பெயரிட்டனர். ‘கோரமண்டல்’ என்று வெள்ளைக்காரர் வாயில் திரிந்தது இந்தப் பெயரே அன்றோ? 1967-இல் கல்லூரித் தலைமையிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கேயே வந்து குடியேறினார்.

அங்கே கூடியவர்களின் பெயர்களைப் பார்த்தால் தென்னாடு முழுவதும் ஒரு தெருவில் குடிவந்தது போலத் தோன்றும். தகட்டைத் தட்டியும் பற்றவைத்தும் தெய்வ உருவங்களைச் சமைத்த பி. வி. ஜானகிராம், ஆதிவாசி மக்களின் உருவங்களைத் தம் ஓவியத்தில் ஏற்றிய ஜே. சுல்தான் அலி, தெய்வ வடிவங்களை வரைந்த ரெட்டப்ப நாயுடு, மைசூரிலிருந்து வந்த எஸ். ஜி. வாசுதேவ், புராணக் கதைமாந்தரை வண்ணத்தில் கண்ட எம். சேனாதிபதி, கண்ணூர்ப் பக்கத்து கே. வி. ஹரிதாசன், பொன்னானி தந்த பி. கோபிநாத். அனிலா ஜேக்கப், அர்நவாஸ் முதலிய பெண்மணிகளும் அவர்களோடு நின்றனர். பணிக்கரின் மகன் நந்தகோபால் பௌதிகம் படித்த பட்டதாரி. பின்னர் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் சமைக்கும் வழியில் பெரும்பேர் பெற்றார்.

நம் பாலக்காட்டுப் பக்கத்தவரும் பணிக்கரின் மாணவருள் உண்டு. குமரநல்லூர் அக்கித்தத்து மனையில் 1939-இல் பிறந்த நாராயணன் சென்னையில் அவரிடம் பயின்றார். 1967-இல் பாரிஸ் நகரம் சென்று அங்கேயே ஓவியராக நிலைபெற்றார். ஞானபீடப் பரிசு பெற்ற மலையாளக் கவிஞர் அக்கித்தத்தின் தம்பி அவர். மனையிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து பாரிஸுக்கும் ஒரு பையனை அழைத்துச் சென்றது, தொடக்கத்தில் ஒரு கரித்துண்டும் ஒரு சுவருமாகவே இருந்திருக்கும். எந்த ஓவியனுக்கும் முதல் ஏடு அதுதானே!

இத்தனை பேரிலும் என் உள்ளத்தைவிட்டு நீங்காதவர் ஒருவர் உண்டு. கே. ராமானுஜம் என்று பெயர். தமிழர். சிறு வயது முதல் பேச்சுத் திக்கும், படிப்பு ஏறவில்லை, வீட்டிலும் வெளியிலும் மந்தம் என்றே கருதப்பட்டார். கையில் பேனாவை எடுத்தாலோ, மாடமாளிகைகளும் கோபுரங்களும் பறக்கும் மிருகங்களும் பாம்புகளும் தேவமாதரும் காகிதத்தில் நெருங்கி நிற்பர். அந்தக் கனவு நகரத்தின் நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறிய மனிதரும் காணப்படுவார், அவர் ராமானுஜமே. பணிக்கர் அப்பிள்ளையின் கையை அறிந்துகொண்டார். பயில இடம் தந்தார். சோழமண்டலத்தில் வாழவும் வகை செய்தார். சென்னை கன்னிமரா ஹோட்டலுக்காக அவர் வரைந்த பெரிய ஓவியம் புகழ் பெற்றது. ஆயினும் 1973-இல், முப்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இந்தச் செய்தியை மூடி மறைத்துவிட்டுச் சோழமண்டலத்தைப் புகழ்ந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூட்டம் அவருக்கு இடம் தந்தது, தொழில் தந்தது, மதிப்பும் தந்தது. வேறு எங்கிருந்தாலும் அவருடைய ஓவியங்கள் பிறந்திருக்கவே மாட்டா. அத்தனையும் இருந்தும் ஒரு மனிதனின் தனிமையை முற்றிலும் போக்க முடியவில்லை. அங்கிருந்தோரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நம் வீடுகளில் பேச்சுக் குறைந்து, ஒரு மூலையில் அமர்ந்து, காகிதத்தோடு மட்டும் பேசும் பிள்ளைகள் இருக்கக்கூடும். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் அத்தகைய பிள்ளைகள் சற்று அதிகமாகவே இருப்பர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் எந்த மொழியிலும் வாய் திறவாமை எளிதாகிவிடும். அவன் படத்தைப் பாராட்டினால் மட்டும் போதாது. அவனோடு அமர்ந்து உணவு உண்ணவேண்டும். உறக்கம் வருகிறதா என்று கேட்கவேண்டும். மனம் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் நாணக்கூடாது.

இனிக் காட்சிக்கூடத்துக்கு வருவோம். சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கிறவன் ஓவியன் பெயரை மட்டும் படிப்பான். அந்தப் படம் சுவருக்கு வந்து சேர எத்தனை கைகள் உதவின என்பதை எண்ணமாட்டான். சட்டம் அடித்தவர் ஒருவர். சுவரை வெள்ளையடித்தவர் ஒருவர். படத்தைத் துணியில் சுற்றி, பெட்டியில் இட்டு, மூலைகளில் வைக்கோல் திணித்து அனுப்பியவர் ஒருவர். இரயில்வே பார்சல் ஆபீஸில் ‘எளிதில் உடையும்’ என்று எழுதிய பெட்டி எவ்வாறு தூக்கப்படுகிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்த வைக்கோல் திணித்தவரின் அருமையை நான் நன்கு உணர்வேன். நாள்தோறும் கதவைத் திறந்து, தூசி தட்டி, வருவோர் பெயரைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, விலை கேட்பவர்க்கு விலை சொல்லி, மாலையில் விளக்கை அணைத்துப் பூட்டுகிறவர் ஒருவர்.

அதிலும் கடலோரக் கூடம் என்றால் வேலை இரு மடங்கு. உப்புக்காற்று ஓயாமல் வீசும். இரும்பாணி துருப்பிடித்துச் சுவரில் கறை வடிக்கும். செம்புச் சிற்பத்தில் களிம்பேறும். ஈரத்தினால் கித்தான் தளர்ந்து தொங்கும், உலர்ந்தால் இறுகும், மழைக்காலத்தில் படத்தின் பின்புறம் பூஞ்சை படரும். மரச்சட்டத்தைக் கறையான் தேடி வரும். மணல் எந்தக் கதவையும் மதியாது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு நாளும் கவனியாவிட்டால் பத்து ஆண்டுகளில் படம் பாழாகிவிடும். மூணாற்றுப் பக்கத்து மழையில் புகைப்படங்கள் பூத்துப்போவதைக் கண்ட தோட்டத்து அன்பர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

சோழமண்டலத்தின் சிறப்பு என்னவெனில், அங்கே இந்தச் சிறு வேலைகளில் பலவற்றைத் தொடக்க நாளில் ஓவியர்களே செய்தனர். சங்கத்தின் காரியதரிசி ஓர் ஓவியர். கணக்குப் பார்த்தவர் ஓர் ஓவியர். நிர்வாகம் உறுப்பினர் கையிலேயே இருந்தது. திறந்தவெளி அரங்கு ஒன்றும் அமைத்தனர். அதற்குப் பாரதியின் பெயரைச் சூட்டினர். கவிஞர்களும் நாடகக்காரர்களும் அங்கே வந்து நிகழ்ச்சிகள் நடத்தினர். ஒருவர் நல்ல விலைக்குப் படம் விற்றால் அவருடைய வீட்டில் மட்டும் விளக்கு எரியும் என்ற நிலை அங்கே இல்லை. பொதுக் கூடமும் பொதுப் பட்டறையும் எல்லோர்க்கும் தாங்கலாக நின்றன.

பணிக்கர் 1977-இல் காலமானார். தலைவர் போனால் இத்தகைய கூட்டங்கள் கலைந்துவிடுவது உலக வழக்கம். இது கலையவில்லை. சிலர் வெளியூர்களுக்குப் பெயர்ந்தனர். சிலர் கடைசிவரை அங்கேயே வாழ்ந்தனர். நந்தகோபால் பல்லாண்டு காரியதரிசியாக இருந்து உழைத்தார். 2009-இல் ‘சோழமண்டலம் தற்காலக் கலை மையம்’ திறக்கப்பட்டது. சென்னை ஓவிய மரபினரின் படைப்புகள் அங்கே நிரந்தரக் காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. இளைய ஓவியர்கள் கண்காட்சி நடத்துவதற்கு வேறு கூடங்களும் உண்டு. வெளியே மரநிழலில் சிற்பங்கள் நிற்கின்றன. நந்தகோபாலும் 2017-இல் மறைந்தார். நிறுவிய தலைமுறையில் பலர் இன்றில்லை. மணற்காடாக இருந்த சாலையோ இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரில் வண்டிகள் இடைவிடாது பறக்கும் பெருவழி. இருபுறமும் மாளிகைகளும் உணவு விடுதிகளும் எழுந்துவிட்டன. அன்று பித்தர் என்று எண்ணத் தோன்றிய அவர்களுடைய நிலம் இன்று பெருவிலை பெறும். ஆனால் அந்த விலைக்கு இன்றோர் இளம் ஓவியர் கூட்டம் மெழுகுத் துணி விற்று 10 ஏக்கர் வாங்க இயலுமா? இயலாது. ஆகவே அவர்கள் செய்ததை அப்படியே திரும்பச் செய்க என்று எவரிடமும் சொல்வதில் பயனில்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது எது என்று பார்ப்பதே தக்கது.

எனக்குத் தோன்றுவது இது. கலையை நம்பிய ஒருவன் தனியனாக நின்றால், அவன் எவ்வளவு வல்லவனாயினும், வீட்டு வாடகைக்கும் அரிசிக் கடைக்கும் பணிந்தே தீரவேண்டும். பலர் கூடி, கை தெரிந்த தொழில் ஒன்றைப் பொதுவாக வைத்து, கணக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டால் அதே மனிதர்கள் மானத்தோடு வாழலாம். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. சீட்டுப் பிடித்தும், கல்யாணத்திற்குக் கைமாற்றுத் தந்தும், பொங்கலுக்கு ஒரே பானையில் பொங்கியும் அன்றோ நம் சங்கங்கள் வளர்ந்தன? அந்தக் கூட்டுறவைச் சோற்றுக்கும் சடங்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளின் கைத்திறனுக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கலாம்.

‘அப்படியானால் படம் வரையும் என் பிள்ளையைப் படிப்பை நிறுத்தி ஓவியனாக்குவதா?’ என்று ஒரு தாயார் கேட்பது என் காதில் விழுகிறது. அம்மா, பணிக்கர் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஓவியரானவர் அல்லர். பிள்ளை பத்தாவதையும் அதற்கு மேலும் ஒழுங்காகப் படிக்கட்டும். அதற்குப் பின் அவன் விருப்பம் நிலைத்திருந்தால், வழியில்லாமல் இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரம், திருச்சூர், மாவேலிக்கரை ஆகிய ஊர்களிலும், தமிழ்நாட்டில் சென்னை, கும்பகோணம் ஆகிய ஊர்களிலும் அரசாங்க நுண்கலைக் கல்லூரிகள் உள்ளன. சேர்க்கைக்குத் தேர்வு உண்டு. அதற்கு வரைந்து பழகவேண்டும். ஓவியத்தோடு துணி அச்சு, மட்பாண்டம், உலோக வேலை இவற்றுள் ஒரு கைத்தொழிலையும் அவன் கற்கட்டும். அதனால் ஓவியத்துக்கு இழுக்கு நேராது. சோழமண்டலத்தின் சுவர்கள் அந்தத் தொழிலின் காசில் எழுந்தவை என்பதை அவனிடம் சொல்லுங்கள். அவன் உத்தியோகத்திற்கே போவானானாலும் நஷ்டமில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிற குமாஸ்தாவும் நாட்டுக்கு வேண்டும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘கோலம் நன்றாகப் போடுகிறாள்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அண்ணன் வரைந்தால் படம், தங்கை வரைந்தால் கோலம் என்று நம் வீடுகளில் பாகுபாடு செய்வது அநீதி. அந்த மணற்காட்டுக்குத் துணிந்து சென்றவர்களில் பெண்களும் இருந்தனர் என்பதை மேலே சொன்னேன்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் பாட்டுக்கும் பேச்சுக்கும் மேடை இருப்பது போலவே படத்துக்கும் ஒரு சுவர் இருக்கட்டும். பிள்ளைகளும் பெரியோரும் வரைந்த படங்களைச் சட்டமிட்டு, பெயர் எழுதி, விரும்புவோர்க்கு விலையும் குறித்து மாட்டுவோம். தாய்மார்கள் செய்த கைவேலைகளையும் அருகே ஒரு மேசையில் வைப்போம். விற்ற பணத்தில் ஒரு பங்கு செய்தவர்க்கு. மற்றொரு பங்கு அடுத்த ஆண்டுக்கான வர்ணத்துக்கும் காகிதத்துக்கும். கணக்கை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அந்த ஒரு தொழிலாவது எனக்கு வரும். சட்டம் அடிக்கத் தெரிந்த தச்சர் அன்பர்களும், படங்களைப் பத்திரமாகத் தூக்கி வைக்கும் பொறுமையுள்ள இளைஞர்களும் முன்வரவேண்டும். படத்தின் கீழ் ஓவியர் பெயரோடு சட்டம் அடித்தவர் பெயரையும் எழுதிவிடுவது என் எண்ணம். செயற்குழு இசைவு தருமென நம்புகிறேன்.

சென்னைக்குப் போகிற அன்பர்கள் மங்களூர் மெயிலில் ஏறி விடியற்காலையில் இறங்கி, உறவினர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை ஈஞ்சம்பாக்கம் சென்று வாருங்கள். பார்த்தவர்கள் தாம் கண்டதை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால் மகிழ்வேன். விழாவுக்குப் படம் தர விரும்புவோர் பெயரையும் வயதையும் எழுதி, அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் சங்கக் காரியதரிசிக்கு அனுப்பி வைக்கக் கோருகிறேன்.